மூன்று படி ஏற்றம்

ஒரு மனிதன் திருந்திவிட்டானா, திருந்தியதுபோல் நடிக்கிறானா என்பதைக் கோடு போட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒரு கூட்டம் கண்டுபிடித்தபோது, முதலில் கைதட்டி வரவேற்றவர்கள் மாமனார்கள்தான். அடுத்து வக்கீல்கள். கடைசியாக அரசாங்கம் வந்து, அதற்கு ஒரு சட்டமும் ஆறு மாடிக் கட்டடமும் கொடுத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

வித்தை என்னவோ பழையதுதான். ஒரு காலத்தில் பங்குச்சந்தை விலைகளின் கோட்டைப் பார்த்து, இது ஏறுமுகத்தின் மூன்றாவது அலை, இது இறக்கத்தின் நடுவே வரும் பி அலை என்று எண்ணிச் சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். விலை விழுந்து, நம்பியவன் ஆண்டியான பிறகு, அது ஏன் விழுந்தது என்று அவர்களைப்போலத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. பிற்பாடு சந்தையை யந்திரங்களே எடுத்துக்கொண்டன. எண்ணுகிறவர்கள் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மணிக்கட்டுக் காப்பு வந்தது. நாடித்துடிப்பு, தூக்கம், நடை, சாப்பாடு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு, ஆளின் ஒவ்வொரு நாளையும் அது ஒரு புள்ளியாக்கிவிடும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவர்கள் எண்ணாமல் விடுவார்களா?

பூங்கோதை அந்த ஆறு மாடி அலைமன்றத்தில் இருபத்திரண்டு வருஷமாக எண்ணுகிறாள். திருத்த அலைகள் பிரிவுக்கு அவள்தான் தலைமை எண்ணுநர். விழுந்தவர்களின் கோடுகள் மட்டுமே அவள் மேஜைக்கு வரும். குடித்துக் கெட்டவன், கடையை மூடியவன், மனம் பேதலித்துத் தெளிந்தவள் என்று பலரகம். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவளைக் கேட்டால் பெயர் போட்டிருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்பாள். விழுந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் குடும்ப நீதிமன்றத்தின் எழுத்தர் நஞ்சப்பன் சான்றிதழ் வாங்கிப் போக வந்திருந்தார். எழுபத்தேழாயிரத்துப் பதின்மூன்றாம் கோடு. அதன் தலையில் அவள் பி முத்திரையைக் குத்தி, மை காய ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, ஒரு சந்தேகம். கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேக்காதயே கோவமாத்தான் இருக்கறன். கேளுங்க."

"இந்தக் கோடு மேலதானுங்க போகுது. ரெண்டு வருசமா ஏறிட்டே இருக்குது. அப்புறம் எதுக்குங்க பி?"

பூங்கோதை அவரைப் பார்த்த பார்வையில், பதினைந்து வருஷமாகக் கோர்ட்டில் உட்கார்ந்து என்ன செய்தீர் என்ற கேள்வி இருந்தது.

"விழறவன் ஒரே மூச்சுல விழமாட்டான் நஞ்சப்பன். மொதல்ல ஒரு விழுகை. அது ஏ. அப்புறம் ஒரு ஏத்தம் வரும். ஆளு தேறிட்டான்னு சொந்தக்காரங்க கூப்பிட்டு வெச்சு விருந்து போடுவாங்க. அதுதான் பி. பொய் ஏத்தம். அது முடிஞ்சதும் சி வரும் பாருங்க, அதுலதான் ஆளு ஒரேயடியாப் போவான்."

"நெசமாத் தேறுனவனும் ஏறத்தானுங்க செய்வான்? எப்பிடிப் பிரிச்சுப் பாக்கறது?"

"படிய எண்ணோணும். நெசமான ஏத்தம்னா அஞ்சு படி. ஏறும், எறங்கும், ஏறும், எறங்கும், ஏறும். பொய் ஏத்தம் மூணே படி. ஏறும், எறங்கும், ஏறும். முடிஞ்சுது."

நஞ்சப்பன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இதுல ரெண்டு எடத்துல எறங்குதுங்களே. இங்க மாசியில ஒண்ணு, இங்க ஐப்பசியில சின்னதா ஒண்ணு. அப்ப அஞ்சுதானுங்களே?"

"ஐப்பசியில எறங்குனது சில்லறை. அதையெல்லாம் எண்ணுனா ஊருல ஒருத்தனும் பி ஆகமாட்டான்."

நஞ்சப்பன் அதோடு விட்டிருக்கலாம். பின்னிணைப்பையும் புரட்டினார். "அந்தி சாஞ்சாத் தூங்கிடறாருங்க. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சிடறாரு. தெனமும் அஞ்சாறு கிலோமீட்டர் நடை. சாப்பாடு பூராக் கீரையும் காயுமா இருக்குது. சாராயக்கடைப் பக்கமே போகலீங்க. தங்கமான ஆளாட்ட இருக்குது."

"அதைத்தானுங்க நானும் சொல்றன். மனுசன் இத்தனை ஒழுங்கா இருக்க மாட்டான். பி அலைன்னா அப்பிடித்தான், பாக்கறதுக்கு அம்சமா இருக்கும்."

சொன்னதோடு நிற்காமல் குறிப்புப் பகுதியில் எழுதியும் வைத்தாள்: 'ஒழுக்கம் இயல்பை மீறியது. நம்ப வேண்டாம்.' அடியில் பொடி எழுத்தில் வழக்கமான வாக்கியம் அச்சாகியிருந்தது. கோடு ஆறு மாதத்துக்குள் பழைய தாழ்நிலையைத் தொடாவிட்டால், மாற்றுக்கணக்கின்படி இது புதிய ஏற்றமாகவும் கொள்ளப்படலாம். எல்லாச் சான்றிலும் அந்த வாக்கியம் உண்டு. அதனால்தான் அலைமன்றம் தொடங்கிய நாள்முதல் ஒரு கணக்கும் தப்பியதில்லை. விழுந்தால் முத்திரை சரி, விழாவிட்டால் மாற்றுக்கணக்கு சரி. இப்படி ஒரு வசதி எந்தத் தொழிலில் கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி மயில்சாமி. கையில் ஒரு பாட்டில் பாலும் மடித்த ஒரு தாளும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறான்.

மயில்சாமி மோட்டாருக்குத் தாமிரக்கம்பிக் காயில் கட்டுகிற மெக்கானிக். மனைவி இறந்த பிறகு குடியில் விழுந்தான். விழுந்ததென்றால் சும்மா இல்லை, பெற்ற பெண்ணைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்து தூங்குகிற அளவுக்கு விழுந்தான். அப்போது தேன்மலருக்கு ஐந்து வயது. கோர்ட் குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது, இவன் கையில் காப்பைப் பூட்டியது. பிறகு மருத்துவமனையில் மூன்று மாதம் கிடந்து வெளியே வந்து, சூலூரில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வேலையை ஆரம்பித்தான். அவ்வப்போது அக்காவுக்குப் போன் செய்து, நல்லா இருக்கறன்க்கா என்பான். ஏ-க்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? சந்தோசம் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

"ஆட்டுப்பால்க்கா. ஒடம்புக்கு நல்லது" என்று பாட்டிலை நீட்டினான்.

"நாத்தம் அடிக்கும். அங்க வெய்யி. என்ன விசயம்?"

"பொதங்கெழமை தீர்ப்புக்கா. மாமனார் ஊட்டுல அடுத்த மாசம் நியூசிலாந்துக்கே போறாங்க, மச்சான்கிட்ட. தீர்ப்பு அவங்களுக்குப் போச்சுன்னாத் தேனையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் எங்க போய்ப் பாக்கறது? உங்க ஆபீசுல இருந்து தாள் வந்துச்சு. வக்கீல் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நீ அங்கதான இருக்கற, என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு."

தாளைப் பிரித்தாள். எண்ணைப் பார்க்குமுன்பே கோட்டை அடையாளம் தெரிந்துவிட்டது. மாசியில் ஒரு இறக்கம், ஐப்பசியில் ஒரு சில்லறை. தன் முத்திரை. தன் கையெழுத்து. நம்ப வேண்டாம்.

அவள் தாளை மேஜைமேல் வைத்து அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

"பி போட்டிருக்குது."

"அப்பிடீன்னா?"

"நீ தேறுனது பொய்னு அர்த்தம்."

"ரெண்டு வருசமா ஒரு சொட்டு இல்லக்கா."

"பி-ல அப்பிடித்தான் இருக்கும்."

இதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், நாக்கு தானாக ஓடியது.

"செரி, நான் தேறிட்டன்னு நம்போணும்னா என்ன பண்ணோணும்?"

"சி வந்து முடியோணும். அதுக்கப்புறம் ஏறுனா நெசம்."

"சி முடிஞ்சா நானே முடிஞ்சு போயிருவனேக்கா."

அவள் சொல்லிவிட்டாள். மறைத்துப் பயனில்லை, அவன் ஒரு நாள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவான். "அது நான் போட்டது மயிலு. உன்றதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பன். கோடு அப்பிடி இருக்குது."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ தாளை இழுத்து, பின்னிணைப்பையும் அவள் எழுதிய குறிப்பையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். அந்தி சாய்ந்தால் உறக்கம், கீரை உணவு, ஒழுக்கம் இயல்பை மீறியது என்ற இடத்துக்கு வந்ததும் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீ என்னைய எண்ணுலக்கா. கருப்பட்டிய எண்ணியிருக்கற."

"யாரு கருப்பட்டி?"

"கெளம்பு. காட்றன்."

பதினோரு மணி பஸ்ஸில் சூலூர் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் கருநிறத்தில் ஒரு வெள்ளாடு நின்று, கடலைக்கொடியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மயில்சாமி அதன் கழுத்து மணிப்பட்டையை விலக்கினான். உள்ளே ரோமத்தைச் சிரைத்துத் தோலோடு ஒட்டக் கட்டியிருந்தது அலைமன்றத்தின் காப்பு. அதன் சிறிய பச்சை விளக்கு கர்மசிரத்தையாகக் கண் சிமிட்டியது.

பூங்கோதை ஆட்டின் தொடையிடுக்கில் விரலை வைத்து நாடி பார்த்தாள். நிமிஷத்துக்கு எழுபத்தாறு. மனுஷ நாடிதான். சூடு மட்டும் கொஞ்சம் அதிகம். அதைத்தான் 'உற்சாகம்' என்று பின்னிணைப்பில் போட்டிருந்தார்கள்.

"எதுக்குடா இப்பிடிப் பண்ணுன?"

"அந்தக் காப்பு நடுங்கும்க்கா. கோடு எறங்குனா ஆளுக்குத் தெரியோணுமாம், கையில கெடந்து நடுங்கும். ஆசுபத்திரியில இருந்து வந்த புதுசுல சாயங்காலம் ஆனா நடுங்கும். அது நடுங்குச்சுன்னா, சரி, நாம விழுந்துட்டம்னு தோணும். விழுந்துட்டம்னு தோணுனா அப்புறம் என்ன, கால் தானாக் கடைக்குப் போவும். மூணு தடவை அப்பிடிப் போனன். நாலாவது தடவை, சீன்னு கழட்டி இது கழுத்துல கட்டிட்டன். அன்னிக்கிக் குடிய விட்டதுதான். கழட்டினாலும் குத்தமாமே, அதான் யாருகிட்டவும் சொல்லுல."

"மாசியில எறங்குச்சே."

"மொதல் ஈத்துக்கா. ரெண்டு குட்டி. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு."

"ஐப்பசியில?"

"ரெண்டாவது ஈத்து. ஒரே குட்டி. அதான் சின்னதா எறங்கியிருக்கும்."

பூங்கோதை கொட்டகை ஓரத்தில் கிடந்த மோட்டார் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆக, கோட்டில் விழுந்த பாதி தம்பியுடையது, எழுந்த பாதி ஆட்டினுடையது. ஒரு பிரசவத்தைப் படி என்று எண்ணி, இன்னொன்றைச் சில்லறை என்று தள்ளி, ஒரு குழந்தையை நியூசிலாந்துக்கு அனுப்பப் பார்த்திருக்கிறாள். மனுஷன் இத்தனை ஒழுங்காக இருக்க மாட்டான் என்று நஞ்சப்பனிடம் சொன்னாளே, அவள் தொழில்வாழ்வில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டை எண்ணியதற்காக அல்ல. தம்பி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறான், கண் தெளிந்திருக்கிறது, தாமிரக்கம்பி சுற்றிச் சுற்றி விரல் காய்த்திருக்கிறது, அந்த விரல் நடுங்கவில்லை. இதை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்றா ஐந்தா என்று எண்ண வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவள் வரவில்லை.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பதினாறு வருஷத்துக்கு முன் ஒரு கோடு. வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண் என்று மட்டும் தெரியும். பி என்று குத்தினாள். எட்டே மாதத்தில் அந்தக் கோடு செங்குத்தாக விழுந்தது. ஆபீசே பூங்கோதையைக் கொண்டாடியது, அவள் பேரில் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். பி குத்திய தாளைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு எத்தனை பேர் வேலை இல்லை என்றார்கள், எத்தனை பேர் போனை வைத்தார்கள் என்று அன்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கேடயம் இன்னும் ஆபீஸ் வரவேற்பறையில்தான் இருக்கிறது.

"கோர்ட்டுல ஆட்டைக் கொண்டாந்து நிறுத்தலாம்" என்றாள். "மானம் போனாப் போகுது, அலைமன்றத்துக் கடையவே இழுத்து மூடட்டும்."

"காப்பைக் கழட்டுனது தெரிஞ்சா எனக்கு அன்னிக்கே கேஸ் முடிஞ்சுதுக்கா. தேன் போயிரும். கடைய அப்புறமேலு மூடிக்க."

திங்கள்கிழமை அவள் மன்றத் தலைவர் வேதாசலத்தின் அறைக்குப் போய், பிழை ஏற்புப் படிவம் வேண்டும் என்றாள். அப்படி ஒரு படிவம் இருப்பதே அவருக்கு மறந்திருந்தது. மன்றத்தைத் தொடங்கியபோது நாணயத்துக்காக அச்சடித்து வைத்தது. ஒரு எண்ணுநரும் அதை இதுவரை கேட்டதில்லை.

"எதுக்குங்க படிவமெல்லாம்?" என்றார் வேதாசலம். "மாற்றுக்கணக்குன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கறம்? ஆறு மாசம் பொறுங்க. விழலீன்னா மாத்திக் குடுத்தரலாம். யாருக்கும் ஒரு குறையும் வராது."

"ஆறு மாசத்துல அந்தக் கொழந்தை வேற நாட்டுல இருக்கும்."

"நடுவால ஒட்டுக்கு ஒரு எக்ஸ் அலை போட்டுப் பாத்தீங்களா? எக்ஸ் போட்டா ரெண்டு திருத்தம் சேந்தாப்பல வரும், எதுவும் பொருந்தும்."

"எதுவும் பொருந்துமுங்க. அதுதானுங்களே கஷ்டம்."

வேதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைமைப் பதவி போகும். கீழ்த்தளத்து மறுஎண்ணிக்கை அறையில் உட்கார வேண்டும். அதோடு, அவள் இதுவரை குத்திய பி முத்திரை அத்தனையும் திறக்கப்படும். பதினோராயிரத்து நானூற்று இரண்டு. மன்றத்தின் பெயர் என்னாவது? அவர் குரலில் உண்மையான வலி இருந்தது. பதினோராயிரம் பேருக்காக அல்ல, பெயருக்காக.

"கோட்டுல என்னதான் தப்பு கண்டீங்க?"

"ஐப்பசி" என்றாள் பூங்கோதை. "அது சில்லறை இல்லீங்க. ஒரு உசுரு பட்ட பாடு."

கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை கோர்ட்டில் அவள் கூண்டில் ஏறினாள். கோட்டைத் திரையில் போட்டார்கள். குச்சியால் தொட்டுத் தொட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக் காட்டினாள். இந்த இறக்கம் எவ்வளவு ஆழம், ஆனாலும் தாழ்நிலைக்குப் போகாமல் எப்படி நின்றது, எத்தனை பொறுமையாக மீண்டும் ஏறியது என்று அவள் விளக்க விளக்க நீதிபதியம்மாள் குறிப்பெடுத்தார். ஓர் ஆட்டின் பேறுகாலத்தைப் பற்றி இவ்வளவு உருக்கமாக எந்த நீதிமன்றத்திலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

நீதிபதி மயில்சாமியைப் பார்த்தார். "மாசி மாசத்துல உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

"என்ற புள்ளைக்குக் காது குத்துனாங்கம்மா. எனக்குச் சொல்லுல. கேள்விப்பட்டுப் போனன். மண்டபத்துக்கு வெளிய நின்னுட்டு வந்துட்டன்."

"அன்னிக்குக் குடிச்சீங்களா?"

"இல்லீங்கம்மா. பஸ்ஸேறி வந்து வேலை பாத்தன்."

"ஐப்பசியில?"

"என்ற ஊட்டுக்காரி செத்த நாளுங்க."

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தத் துயரங்கள் அவனுடையவை, குடிக்காமல் அவற்றைத் தாண்டியதும் அவன்தான். திரையில் இருந்த கோடு மட்டும்தான் வேறொருத்தியுடையது. மாமனாரும் மாமியாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. மகளை இழந்தவர்கள், ஒரு தாளை நம்பியவர்கள்.

அவர்களுடைய வக்கீல் எழுந்தார். துருப்புச்சீட்டை வைத்திருக்கிற முகம்.

"அம்மா, இந்தச் சாட்சி மனுதாரரோட கூடப் பிறந்த அக்கா. இவங்க அஞ்சுன்னு எண்ணுறது எப்படிச் செல்லும்?"

"மூணுன்னு எண்ணுனப்பவும் நான் அக்காதானுங்க" என்றாள் பூங்கோதை. "அந்தத் தாளைத்தான் நீங்க ஆதாரம்னு கையில வெச்சிருக்கறீங்க. அக்கா எண்ணுனது செல்லாதுன்னா அதையும் கிழிச்சுப் போட்டுருங்க."

வக்கீல் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

நீதிபதி இரண்டு தாளையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தேன்மலரை அழைத்துத் தனியே கால் மணி நேரம் பேசினார். குழந்தை அப்பாவிடம். விடுமுறைக்குத் தாத்தா பாட்டியிடம். இன்னும் மூன்று வருஷத்துக்கு மனுதாரர் காப்பைக் கழற்றக் கூடாது, கோடு மாதாமாதம் கோர்ட்டுக்கு வர வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டு மயில்சாமி அக்காவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

அன்று முதல் கோவை வட்டாரத்திலேயே இத்தனை உபசாரத்தோடு வாழ்கிற ஜீவன் கருப்பட்டி ஒன்றுதான். மழை வந்தால் அதற்குத்தான் முதலில் சாக்கு விரிக்கிறார்கள். இருமினால் மாட்டு டாக்டர் வந்துவிடுகிறார். தேன்மலர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை மேய்க்கப் பிடித்துக்கொண்டு போகிறாள், தெருநாய் பக்கத்தில் வந்தால் கல்லெடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கோதையும் வந்து கடலைக்கொடி போடுகிறாள். பாலில் நாற்றம் ஒன்றும் இல்லை என்று இப்போது சொல்கிறாள்.

அலைமன்றம் மட்டும் சும்மா இருக்குமா? அவமானத்தை எப்படிப் பெருமையாக்குவது என்று வேதாசலத்துக்குத் தெரியும். எழுபத்தேழாயிரத்துப் பதின்மூன்றாம் கோடு பயிற்சிப் புத்தகத்தின் முதல் பாடமாக அச்சேறியது. 'திருந்திய தந்தை: உண்மையான ஐந்து படி ஏற்றத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.' அவரே வகுப்பெடுக்கிறார். இரண்டாவது ஈத்தின் மேல் குச்சியை வைத்து, இங்கேதான் ஒரு மனிதனின் மனஉறுதியைப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கிறதாம். கேட்கிறவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

பூங்கோதைக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. அவர்கள் அதைத் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள். பதினோராயிரத்து நானூற்று இரண்டு கோடுகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. நஞ்சப்பன்தான் கோர்ட்டிலிருந்து பழைய கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார்.

"எதுல இருந்துங்கம்மா ஆரம்பிக்கறது?"

அவள் ஏற்கெனவே தேடி எடுத்து வைத்திருந்தாள். பதினாறு வருஷத்துக் கோடு. வங்கியில் வேலை பார்த்த பெண். செங்குத்தாக விழுந்த பிறகு, அடியில் எங்கோ, இன்னும் அறுபடாமல் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த எண்ணுக்கு ஆளு யாரு, எந்த ஊருன்னு பதிவேட்டுல பாத்துச் சொல்லுங்க. நேருல வரச் சொல்லிக் கடுதாசி போடோணும்."

"ஆளு எதுக்குங்கம்மா? கோடுதான் இருக்குதுங்களே, எண்ணுனாப் போச்சு."

"ரெண்டு காலா, நாலு காலான்னு மொதல்ல பாக்கோணும் நஞ்சப்பன். அப்புறந்தான் எண்ணறதெல்லாம்."

நஞ்சப்பன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். பூங்கோதை சிரிக்கவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, 'அன்புள்ள' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள்.